கௌபாய் உடை

கௌபாய் உடை என்பது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் குதிரை மீதமர்ந்து மாட்டு மந்தைகளை மேய்த்தும் நெடுந்தொலைவு ஓட்டியும் வந்த தொழிலாளர்களின் பணியுடை ஆகும். அகன்ற விளிம்புடைய தொப்பி, கழுத்துத் துணி, கையில்லா மேற்சட்டை, தடித்த காற்சட்டை, அதன்மேல் அணியப்படும் தோலாலான தொடைக்காப்பு, உயர்ந்த குதி கொண்ட பூட்ஸ், குதிமுள் ஆகியன இவ்வுடையின் முதன்மையான கூறுகள். திரைப்படங்கள், காமிக்ஸ் ஆகியவற்றின் வழியாக உலகெங்கும் அறியப்பட்ட கௌபாய்த் தோற்றத்துக்கும், அத்தொழிலாளர்கள் உண்மையில் அணிந்த உடைக்கும் பல இடங்களில் தொடர்பில்லை.

'அசல் கௌபாய் உடை' என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின் எந்த ஆண்டு, எந்த வட்டாரம், என்ன வேலை என்னும் மூன்றையும் சேர்த்தே கூற வேண்டும். 1875இல் டெக்சாஸ் முட்காட்டில் மாடு பிடித்தவரும், 1905இல் மொன்டானாவின் பனியில் மந்தையைக் காத்தவரும், 1950இல் ரோடியோ அரங்கில் காளை மீது ஏறியவரும் ஒரே உடையை அணியவில்லை. இக்கட்டுரை பெரும்பாலும் 1865 முதல் 1900 வரையிலான காலத்தைப் பற்றியது. பிற்காலச் சேர்க்கைகள் அங்கங்கே சுட்டிக்காட்டப்படுகின்றன.

தோற்றம்

கௌபாய் உடையின் வேர் மெக்சிகோவில் உள்ளது. 16ஆம் நூற்றாண்டில் எசுப்பானியர் மெக்சிகோவுக்கு மாடுகளையும் குதிரைகளையும் கொண்டுவந்தனர். பூர்வகுடியினர் குதிரை ஏறுவதற்குத் தொடக்கத்தில் தடை இருந்தது. மந்தைகள் பெருகியபோது அவற்றைக் கவனிக்க ஆள் போதாமல் அத்தடை தளர்ந்தது. குதிரையேறி மாடு மேய்த்த இத்தொழிலாளர் 'வக்கேரோ' எனப்பட்டனர். எசுப்பானிய மொழியில் 'வாக்கா' என்றால் பசு என்று பொருள்.

தொழிற்சொற்களே இந்த மரபுவழியைக் காட்டிக்கொடுக்கின்றன. நெவாடா, ஒரிகன் பகுதிகளில் கௌபாயைக் குறிக்கும் 'பக்கரூ' என்னும் சொல் வக்கேரோ என்பதன் திரிபு. மாடு பிடிக்கும் சுருக்குக் கயிற்றின் பெயரான 'லாரியட்', 'லா ரியாத்தா' என்பதிலிருந்து வந்தது. தொடைக்காப்பின் பெயரான 'சாப்ஸ்', 'சப்பாரெராஸ்' என்பதன் சுருக்கம். ஆங்கிலம் பேசிய குடியேறிகள் டெக்சாஸுக்கு வந்தபோது மாட்டையும் குதிரையையும் மட்டுமல்லாது, தொழிலையும் உடையையும் அதற்குரிய சொற்களையும் அங்கிருந்தவர்களிடமிருந்தே பெற்றுக்கொண்டனர்.

காலமும் கூலியும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது டெக்சாஸில் உரிமையாளர் அற்ற நெடுங்கொம்பு மாடுகள் பெருந்தொகையாகத் திரிந்தன. அங்கே சில டாலருக்கு விலைபோன மாடு, வடக்கிலும் கிழக்கிலும் இருந்த நகரங்களில் பல மடங்கு விலை பெற்றது. 1867இல் கான்சாஸ் மாநிலத்தின் அபிலீன் ஊரில் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டி மாட்டுச் சந்தை அமைந்ததும், டெக்சாஸிலிருந்து அங்கு மந்தைகளை நடத்திச் செல்லும் தொழில் பெருகியது. ஏறத்தாழ 2000 முதல் 3000 மாடுகள் கொண்ட ஒரு மந்தையுடன் ஒரு டசன் ஆட்கள் இரண்டு மூன்று மாதங்கள் பயணம் செய்தனர். முள்கம்பி வேலிகள் பரவியதாலும் (ஜோசப் கிளிட்டனின் காப்புரிமை 1874), தொடர்வண்டிப் பாதைகள் நீண்டதாலும், 1886–87 ஆண்டின் கொடுங்குளிரில் வடபகுதி மந்தைகள் பெருமளவில் மடிந்ததாலும் இக்காலம் விரைவிலேயே முடிவுக்கு வந்தது. உலகம் முழுவதும் இன்றும் நடித்துக்கொண்டிருக்கும் ஒரு தொழிலின் உச்சக்காலம் சுமார் 20 ஆண்டுகள் மட்டுமே என்பது வியப்பானது.

இத்தொழிலாளர்களின் மாதக் கூலி பெரும்பாலும் 25 முதல் 40 டாலர் வரை இருந்தது. 'டெடி புளூ' என்று அறியப்பட்ட ஈ. சி. அபட் 1939இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில், இளமையில் வாங்கிய புத்தாடைகளின் விலையை நினைவுகூர்கிறார். தொப்பிக்கு 10 டாலர், காற்சட்டைக்கு 12 டாலர். பூட்ஸுக்கும் சட்டைக்கும் தனியே செலவு. இரண்டு பொருள்களுக்கே ஏறக்குறைய ஒரு மாதக் கூலி கரைந்துவிடும். ஆகவே இவ்வுடையை அலங்காரமாகவோ வெறும் பயன்பாடாகவோ மட்டும் கொள்வது சரியாகாது. பெரும்பாலோருக்குச் சொந்தமாக நிலமோ மாடோ இல்லை. வேலைக்கான குதிரைகளும் முதலாளியுடையவை. தொப்பி, பூட்ஸ், சேணம் ஆகிய மூன்றுமே ஒரு கௌபாயின் சொத்து. தன் காசில் வாங்கிய அவற்றை அவர் சிறப்பாக வைத்துக்கொள்ள விரும்பியதில் வியப்பில்லை.

தொப்பி

கௌபாய்த் தொப்பி என்று இன்று அறியப்படுவதன் முன்னோடி, பிலடெல்பியாவில் ஜான் பி. ஸ்டெட்சன் 1865இல் தொடங்கிய நிறுவனத்தின் 'பாஸ் ஆஃப் தி பிளெய்ன்ஸ்' என்னும் தொப்பியாகும். ஸ்டெட்சனின் தந்தையும் தொப்பி செய்பவரே. இத்தொப்பியின் விளிம்பு தட்டையானது; உச்சி உருண்டு, மடிப்பு எதுவுமின்றி இருந்தது. இன்று கடைகளில் கிடைக்கும், இருபுறமும் விளிம்பு சுருண்டு உச்சியில் மூன்று பள்ளங்கள் கொண்ட தொப்பி 20ஆம் நூற்றாண்டின் வடிவம். பழைய தொப்பிகளில் மடிப்பும் பள்ளமும் அணிந்தவரின் கைப்பிடியாலும், மழையாலும், அவரவர் வட்டார வழக்காலும் ஏற்பட்டவை. தொப்பியின் மடிப்பைக் கொண்டே ஒருவர் எந்தப் பகுதியிலிருந்து வருகிறார் என்று ஊகிக்க முடிந்தது.

இத்தொப்பி ஃபெல்ட் என்னும் பொருளால் ஆனது. ஃபெல்ட் என்பது நெய்யப்பட்ட துணி அன்று. பீவர், முயல் போன்ற விலங்குகளின் நுண்ணிய அடிமயிரை வெந்நீரிலும் ஆவியிலும் இட்டு அழுத்தும்போது, மயிரின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று பின்னி இறுகிக்கொள்கின்றன. இழையும் ஊடும் இல்லாததால் எத்திசையில் இழுத்தாலும் அது ஒரே வலிமையுடன் நிற்கும். நீர் எளிதில் உட்புகாது. வெயிலுக்கும் மழைக்கும் ஆலங்கட்டிக்கும் தலையைக் காப்பதற்கு அன்றைய நிலையில் இதைவிடத் தகுந்த பொருள் இல்லை எனலாம்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. முயல் மயிரை எளிதில் பின்னச் செய்வதற்காகத் தொப்பித் தொழிற்சாலைகளில் பாதரச நைட்ரேட்டுக் கரைசல் பயன்படுத்தப்பட்டது. அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமும் நரம்புக் கோளாறுகளும் உண்டாயின. ஐக்கிய அமெரிக்காவில் தொப்பித் தொழிலில் பாதரசப் பயன்பாடு 1941இல்தான் முடிவுக்கு வந்தது. மேற்கின் விடுதலை வாழ்வுக்கு அடையாளமாகக் காட்டப்படும் தொப்பிக்குப் பின்னால் கிழக்கு நகரங்களின் ஆலைத் தொழிலாளர்கள் இருந்தனர் என்பது பொதுவாகப் பேசப்படுவதில்லை.

'பத்து காலன் தொப்பி' என்னும் வழக்கும் தவறான எண்ணத்தைத் தருகிறது. 10 அமெரிக்க காலன் என்பது ஏறத்தாழ 38 லிட்டர். பெரிய தொப்பியிலும் 3 லிட்டர் நீர் நிற்பது அரிது. தொப்பியைச் சுற்றிக் கட்டப்பட்ட பின்னல் நாடாவின் எசுப்பானியப் பெயரான 'கலோன்' என்பதே ஆங்கிலத்தில் இவ்வாறு பிறழ்ந்தது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

அக்காலத்தில் எல்லோரும் ஸ்டெட்சன் தொப்பி அணிந்தனர் என்று கொள்ளக்கூடாது. போரில் பயன்படுத்திய படைத் தொப்பிகள், மெக்சிகோவின் சொம்பரேரோ, வைக்கோல் தொப்பி ஆகியவையும் வழக்கில் இருந்தன. ஊருக்குள் பலர் விறைப்பான உருண்டை வடிவப் பவுலர் தொப்பியையே அணிந்தனர். புகழ்பெற்ற கொள்ளையரான புட்ச் காசிடியும் அவருடைய கூட்டாளிகளும் 1900இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் எடுத்துக்கொண்ட நிழற்படத்தில் ஐவர் தலையிலும் இருப்பது பவுலர் தொப்பிதான். கோட்டு, கழுத்துப்பட்டி சகிதம் அவர்கள் வங்கி அலுவலர்களைப் போலத் தோன்றுகின்றனர்.

கழுத்துத் துணி

மந்தையின் பின்புறத்தில் செல்வோர் நாள் முழுவதும் ஆயிரக்கணக்கான குளம்புகள் கிளப்பிய புழுதியில் செல்ல வேண்டியிருந்தது. பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கே இந்த இடம் ஒதுக்கப்பட்டது. அவர்கள் துணியை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டது முகத்தை மறைப்பதற்காக அன்று, மூச்சு விடுவதற்காக. அதே துணி குளிரில் காதுகளை மூடவும், காயத்துக்குக் கட்டாகவும், நீரை வடிகட்டவும் உதவியது. பருத்தியாலும் பட்டாலும் ஆன துணிகள் பயன்பட்டன. பட்டுத்துணி குளிர்காலத்தில் இதமானது என்பதால் இன்றும் வடபகுதிகளில் பெரிய சதுரப் பட்டுத்துணியை அணிகின்றனர்.

இத்துணியின் பெயரான 'பண்டானா' இந்தியாவிலிருந்து சென்ற சொல். கட்டுதல் என்னும் பொருளுடைய வடஇந்தியச் சொல்லே இதற்கு மூலம். துணியை ஆங்காங்கே முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்தால், முடிச்சு இருந்த இடங்கள் சாயம் ஏறாமல் வெண்புள்ளிகளாக நிற்கும். மதுரைச் சுங்குடிச் சேலையும் இதே முறையில் உருவாவதே. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான இத்தகைய புள்ளிக் கைக்குட்டைகளைப் பார்த்து ஐரோப்பிய ஆலைகள் அச்சிட்ட துணிகளே பின்னர் மலிவு விலையில் அமெரிக்கச் சந்தையை நிறைத்தன. அச்சிட்ட துணியிலும் அந்தப் புள்ளிகள் இன்றளவும் மாறாமல் இருக்கின்றன.

சட்டையும் மேற்சட்டையும்

1870கள், 1880களின் சட்டைகள் பெரும்பாலும் முழுமையாகத் திறக்காதவை. மார்புவரை சில பொத்தான்கள் இருக்கும். தலைவழியாக அணிய வேண்டும். பலவற்றில் கழுத்துப்பட்டை கிடையாது. பருத்தி அல்லது கம்பளியில் கோடுகளோ கட்டங்களோ கொண்டு, தொளதொளவென்று தைக்கப்பட்டன. சட்டையை மட்டும் அணிந்து நிற்பது உள்ளாடையுடன் நிற்பதற்கு ஒப்பாகக் கருதப்பட்ட காலம் அது. ஆதலால் மேலே கையில்லா மேற்சட்டை அவசியமாயிற்று.

மேற்சட்டைக்கு வேறொரு பயனும் இருந்தது. சேணத்தில் அமர்ந்தவர் காற்சட்டைப் பையில் கைவிடுவது கடினம். கோட்டோ கயிறு வீசும் கைக்குத் தடை. மேற்சட்டையின் பைகளே புகையிலைப் பை, தீக்குச்சி, மாட்டுக் கணக்குக் குறிப்பேடு, பென்சில், கடிகாரம் எல்லாவற்றுக்கும் இடம். பழைய நிழற்படங்களில் மேற்சட்டை பொத்தானிடப்படாமல் தொங்குவதைக் காணலாம்.

முத்துப்போல் மின்னும் அழுத்துப் பொத்தான்கள் (நம் வழக்கில் 'டிச் பட்டன்') வைத்த சட்டையைப் பலரும் பழமையானது என்று எண்ணுகின்றனர். டென்வர் நகரில் ஜாக் வெயில் 1946இல் தொடங்கிய ராக்மவுன்ட் நிறுவனமே அதைப் பரவச் செய்தது. மாட்டுக் கொம்பிலோ வேலியிலோ சட்டை சிக்கினால் பொத்தான் தானே திறந்துகொள்ளும் என்பது அதன் சிறப்பு. நல்ல வடிவமைப்புதான், ஆனால் 19ஆம் நூற்றாண்டுக்கு உரியதன்று.

காற்சட்டை

நீல ஜீன்ஸ் இல்லாமல் கௌபாயை நினைத்துப் பார்ப்பது இன்று கடினம். எனினும் மந்தை ஓட்டிய காலத்துக் கௌபாய்களில் பலர் தடித்த கம்பளிக் காற்சட்டையையே விரும்பினர். அது நனைந்தாலும் சூடு காத்தது. சேணத்தில் உராய்ந்து எளிதில் கிழியவில்லை. ஜீன்ஸ் முதலில் சுரங்கத் தொழிலாளர்களின் உடை. நெவாடாவின் ரீனோ ஊரில் தையற்காரராக இருந்த ஜேக்கப் டேவிஸ், காற்சட்டைப் பைகளின் மூலைகள் கிழிவதைத் தடுக்க அங்கே செப்பு ரிவெட்டுகளை அடித்தார். தமக்குத் துணி வழங்கிய லெவி ஸ்ட்ராஸுடன் சேர்ந்து அவர் 1873 மே 20 அன்று இதற்குக் காப்புரிமை பெற்றார். விசை குவியும் இடத்தை மட்டும் வலுப்படுத்துவது என்ற எளிய பொறியியல் கருத்தே அது.

அக்காலக் காற்சட்டைகளில் இடுப்பு வாருக்கான வளையங்கள் கிடையாது. தோள்வார்களை மாட்டப் பொத்தான்களும், பின்புறம் இறுக்குவதற்கு ஒரு பட்டையும் இருந்தன. லெவி நிறுவனத்தின் புகழ்பெற்ற 501 வகையில் வார் வளையங்கள் 1922இல்தான் சேர்க்கப்பட்டன. எனவே 1880இன் கௌபாய் வேடத்தில் தட்டுப்போன்ற வெள்ளிக் கொக்கியுடன் இடுப்பு வார் இருந்தால் அது பிழை. பெரிய கொக்கி திரைப்படங்களாலும் ரோடியோ பரிசுகளாலும் பரவியது.

கௌபாய்களுக்கென்றே ஜீன்ஸ் வடிவமைக்கப்பட்டது 20ஆம் நூற்றாண்டில். 1947இல் வெளிவந்த ராங்ளர் 13எம்டபிள்யூஇசட் வகையில் சேணத்தைக் கீறாதபடி தட்டையான ரிவெட்டுகள் இடம்பெற்றன. குதிரை மீது அமரும்போது கால் மடங்குவதால் காற்சட்டை மேலேறும். ஆகவே குதிரையேறுவோர் நிற்கும்போது மிகையாகத் தோன்றும் நீளத்தில் அணிகின்றனர். ஜீன்ஸின் நீல நிறத்துக்கு அடிப்படை நம்மூரில் அவுரி என்று அறியப்படும் செடிவகையிலிருந்து கிடைத்த நீலச்சாயம். 1897 முதல் ஜெர்மனியின் செயற்கை நீலம் அதன் இடத்தைப் பிடித்தது.

தொடைக்காப்பு

சாப்ஸ் என்பது முழுக் காற்சட்டை அன்று. இருக்கைப் பகுதி இல்லாத இரண்டு தோல் குழல்கள். முட்புதர், மாட்டுக் கொம்பு, குதிரையின் கடி, கயிற்றின் உராய்வு ஆகியவற்றிலிருந்து கால்களைக் காப்பது அதன் பணி. 1870களில் டெக்சாஸில் வழங்கியது இரட்டைக் குழல் துப்பாக்கியைப் போன்ற ஒடுங்கிய வகை. காலை நுழைத்து அணிய வேண்டும் என்பதால், பூட்ஸையும் குதிமுள்ளையும் கழற்றாமல் அணிவது கடினம். பக்கவாட்டில் கொக்கியால் மாட்டும் அகன்ற 'வௌவாலிறகு' வகை பின்னர் வந்தது. மொன்டானா, வயோமிங் போன்ற குளிர் மாநிலங்களில் மயிர் நீக்காத ஆட்டுத்தோலால் செய்த வகை பரவியது. அது மழையில் நனைந்தால் சுமையாகும் என்பதோடு அதன் நாற்றமும் பேர்பெற்றது. நெவாடாப் பகுதியின் பக்கரூக்கள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும் 'சிங்க்ஸ்' என்னும் குட்டை வகையை அணிகின்றனர். குதிரையிலிருந்து இறங்கிய பின்னும் சாப்ஸுடன் ஊருக்குள் உலாவுவது திரைப்பட வழக்கம். நடப்பதற்கு அது இடைஞ்சலான உடை.

பூட்ஸும் குதிமுள்ளும்

இவ்வுடையின் கூறுகளில் உயிரோடு நேரடித் தொடர்புடையது பூட்ஸ். மந்தை ஓட்டும் தொழிலில் அஞ்சத்தக்க சாவுகளில் ஒன்று, குதிரையிலிருந்து விழும்போது பாதம் அங்கவடியில் சிக்கி, மிரண்ட குதிரையால் தரையில் இழுத்துச் செல்லப்படுவது. பூட்ஸின் ஒவ்வொரு உறுப்பும் இந்த ஆபத்தைக் கருத்தில் கொண்டே அமைந்தது எனலாம். உயர்ந்து, உட்புறமாகச் சரிந்த குதி, பாதம் அங்கவடியைத் தாண்டி முன்னே நழுவிவிடாமல் தடுக்கும். அடிப்பகுதி வழவழப்பான தோலாக இருப்பதால் பாதத்தை விரைவில் வெளியே இழுக்கலாம். கட்டும் நாடா இல்லை. ஆகவே சிக்குவதற்கும் ஒன்றுமில்லை. கால் சிக்கியே விட்டாலும், தளர்வான மேற்குழலிலிருந்து கால் உருவிக்கொள்ள வாய்ப்புண்டு. பூட்ஸ் குதிரையோடு போகும், ஆள் பிழைப்பார். பாதுகாப்பு வடிவமைப்பு என்னும் சொல் வழங்காத காலத்தில், பெயர் தெரியாத பல கைகள் சேர்ந்து உருவாக்கிய தீர்வு இது.

உள்நாட்டுப் போரில் அணிந்த படைப் பூட்ஸே இதன் முன்னோடி. 1870களில் கான்சாஸில் ஹையர், டெக்சாஸில் ஜஸ்டின் (1879) போன்ற செருப்புத் தொழிலாளர்கள் மந்தை ஓட்டுவோர் கேட்டபடி அதை மாற்றியமைத்தனர். மேற்குழலில் வரிவரியாக இடப்பட்ட தையல் அலங்காரமாகத் தோன்றினாலும், தோல் மடங்கிக் கணுக்காலில் சரியாமல் நிறுத்துவதற்கும் அது பயன்பட்டது. தேர்ந்த கைவினைஞர்கள் பாதத்தின் வளைவுப் பகுதியை இரும்பாணியால் அன்றி மரமுளைகளால் இணைத்தனர். நனையும்போது தோலும் மரமும் சேர்ந்தே விரிந்து, உலரும்போது சேர்ந்தே சுருங்குவதால் இணைப்பு தளர்வதில்லை. ஊசிபோல் கூரிய முனை கொண்ட பூட்ஸ் 1940களுக்குப் பின் பரவியது. 19ஆம் நூற்றாண்டின் முனைகள் உருண்டோ சதுரமாகவோ இருந்தன.

குதிமுள்ளின் சுழலும் சக்கரம் பெரிதாகத் தோன்றுவதால் கொடியது என்று எண்ணத் தோன்றும். பற்கள் மிகுந்த பெரிய சக்கரத்தில் அழுத்தம் பல முனைகளில் பகிரப்படுவதால், சிறிய கூர்முள்ளை விட அது குதிரைக்கு மென்மையானது. புதிய குதிமுள்ளை வாங்கியவர்கள் அதன் பற்களை அராவி மழுக்கிக்கொள்வதும் உண்டு.

மழைக்கோட்டும் துப்பாக்கியும்

ஆளிவிதை எண்ணெய் ஊட்டிய பருத்தித் துணியால் செய்த நீண்ட மழைக்கோட்டு சேணத்தின் பின்னே சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும். விரித்தால் ஆளையும் சேணத்தையும் சேர்த்து மூடும். மீன் முத்திரையுடன் பாஸ்டன் நகரிலிருந்து வந்த மஞ்சள் நிறக் கோட்டு மிகவும் பரவலானது.

துப்பாக்கியைப் பொறுத்தவரை திரைப்படங்களின் மிகை எல்லையற்றது. தொடையில் தாழ்வாகக் கட்டிய இரண்டு உறைகள், நொடியில் உருவும் விரைவு ஆகியவை 1950களின் திரைப்படத் தேவைகளுக்காக வடிவமைக்கப்பட்டவை. உண்மையில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தால் அது இடுப்பின் மேற்பகுதியில், ஓடும்போது விழாதவாறு ஆழமான உறையில் இருந்தது. வேலை நேரத்தில் அதன் எடையே தொல்லை என்பதால் பலர் அதைச் சமையல் வண்டியில் படுக்கையோடு சுருட்டி வைத்தனர். டாட்ஜ் சிட்டி, டூம்ஸ்டோன் போன்ற ஊர்களில் ஊருக்குள் ஆயுதம் ஏந்துவதற்குத் தடை இருந்தது. 1881இல் டூம்ஸ்டோனில் நடந்த புகழ்பெற்ற ஓ.கே. கோரல் துப்பாக்கிச் சண்டையே அத்தடையை நடைமுறைப்படுத்தும் முயற்சியை ஒட்டி நிகழ்ந்தது.

மேடையும் திரையும்

பஃபலோ பில் கோடி 1883இல் தொடங்கிய மேற்குக் காட்சி, கௌபாயைப் பார்வையாளர் முன் நிறுத்தி ஐரோப்பா வரை கொண்டுசென்றது. தொலைவிலிருந்து காண்போருக்குத் தெரிய வேண்டும் என்பதால் தொப்பி பெரிதாயிற்று, ஓரங்களில் குஞ்சம் தொங்கியது, நிறங்கள் கூடின. ஊமைப்படக் காலத்தில் வில்லியம் எஸ். ஹார்ட் உண்மைக்கு நெருக்கமான உடையை வலியுறுத்தினார். ஆனால் மின்னும் உடையணிந்த டாம் மிக்ஸே மக்களை வென்றார். 1947இல் ஹாலிவுட் பகுதியில் கடை திறந்த, உக்ரைனிலிருந்து குடியேறிய தையற்காரரான நூடி கோன் கண்ணாடிக் கற்கள் பதித்த உடைகளைப் பாடகர்களுக்குத் தைத்தார். கயிறும் உலோகப் பதக்கமும் கொண்ட 'போலோ' கழுத்துப்பட்டியும் 1940களைச் சேர்ந்தது. அரிசோனா மாநிலம் அதை 1971இல் தன் அதிகாரப்பூர்வக் கழுத்தணியாக ஏற்றது. நல்லவருக்கு வெள்ளைத் தொப்பி, தீயவருக்குக் கறுப்புத் தொப்பி என்னும் விதியும் திரைக்குரியதே. அவ்விதியையும் கறுப்பு உடையணிந்த நாயகனான ஹாப்பலாங் காசிடி மீறினார்.

இவற்றைவிடப் பெரிய திரிபு ஒன்றுண்டு. திரையில் ஏறத்தாழ எல்லாக் கௌபாய்களும் வெள்ளையராகவே இருந்தனர். உண்மையில் மெக்சிகர், பூர்வகுடியினர், அடிமைநிலையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவர் ஆகியோர் இத்தொழிலில் பெருமளவில் இருந்தனர். கறுப்பினத்தவர் மட்டும் நால்வரில் ஒருவர் என்று மதிப்பிடுவோர் உண்டு. அடிமையாகப் பிறந்த நாட் லவ், 1907இல் தம் தன்வரலாற்றை வெளியிட்டார். சேணம், கயிறு, துப்பாக்கி, முன்விளிம்பு மடித்த தொப்பி ஆகியவற்றுடன் அவர் நிற்கும் நிழற்படம், அக்காலக் கௌபாய் உடைக்குச் சிறந்த சான்றுகளில் ஒன்று. காளையைக் கொம்பைப் பிடித்து வீழ்த்தும் ரோடியோ விளையாட்டைப் புகழ்பெறச் செய்த பில் பிக்கெட்டும் கறுப்பினத்தவரே. 1990களின் முற்பகுதியில் ஐக்கிய அமெரிக்க அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை அச்சிட்டபோது, அவருடைய உடன்பிறந்தவரின் படத்தைத் தவறுதலாகப் பயன்படுத்திவிட்டது. அத்தபால்தலைகள் திரும்பப் பெறப்பட்டு, 1994இல் திருத்திய பதிப்பு வெளியாயிற்று.

பழைய நிழற்படங்களையும் எச்சரிக்கையுடன் பார்க்க வேண்டும். மந்தையை விற்று, குளித்து, புத்தாடை வாங்கியபின் நிழற்படக் கூடத்தில் எடுத்துக்கொண்ட படங்களே மிகுதி. படமெடுப்பவர் தம்மிடமிருந்த துப்பாக்கியையும் சாப்ஸையும் இரவல் தருவதும் உண்டு. மொன்டானாவில் எல். ஏ. ஹஃப்மன், டெக்சாஸில் எர்வின் ஸ்மித் ஆகியோர் வெட்டவெளியில் வேலையின் நடுவே எடுத்த படங்கள் கூடுதலாக நம்பத்தக்கவை. அவற்றில் கிழிசலும் ஒட்டும் அழுக்கும் தெரிகின்றன.

பெண்கள்

பண்ணைப் பெண்கள் நீண்ட பாவாடையுடன் ஒருபக்கமாக அமர்ந்து குதிரையேறுவதே தொடக்கத்தில் ஒழுக்கமாகக் கருதப்பட்டது. ஓடும் மாட்டைத் துரத்தும்போது அது ஆபத்தானது. நடுவில் பிரிக்கப்பட்டு, நிற்கும்போது பாவாடைபோல் தோன்றும் காற்சட்டைப் பாவாடை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. லெவி நிறுவனம் பெண்களுக்கான ஜீன்ஸை 1934இல் வெளியிட்டது.

நாடகத்துக்கும் மாறுவேடத்துக்கும்

1880இன் மந்தை ஓட்டுநரை மேடையில் காட்ட விரும்புவோர், விளிம்பு தட்டையான எளிய தொப்பி, தொளதொளத்த கோடிட்ட சட்டை, பழைய கையில்லா மேற்சட்டை, தோள்வாருடன் கூடிய சாம்பல் அல்லது பழுப்புக் காற்சட்டை, முனை உருண்ட உயர் பூட்ஸ், முறையாக முடிச்சிட்ட கழுத்துத் துணி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். குஞ்சம், விண்மீன் பதக்கம், பெரிய கொக்கி, போலோ ஆகியவை வேண்டியதில்லை. எல்லாம் புழுதி படிந்திருப்பது நலம். தொப்பியைக் கழற்றினால் விளிம்பு கீழே படுமாறு வைக்கக்கூடாது. உச்சியைத் தலைகீழாக வைத்தால்தான் விளிம்பின் வடிவம் கெடாது.

தமிழ்ச் சூழலில்

தமிழ் வாசகர்களுக்குக் கௌபாய் உடை பெரும்பாலும் இத்தாலி வழியாக வந்தது எனலாம். 1948இல் இத்தாலியில் தோன்றிய டெக்ஸ் வில்லர், பெல்ஜியத்தில் தோன்றிய லக்கி லூக் ஆகிய காமிக்ஸ் நாயகர்களின் கதைகள் சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன், முத்து காமிக்ஸ் இதழ்களில் தமிழாக்கம் பெற்றன. தமிழ்த் திரையில் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' (1972) போன்ற படங்கள், செர்ஜியோ லியோனியின் இத்தாலியப் படங்களது உடையமைப்பைத் தழுவியவை. சிம்புதேவன் இயக்கிய 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010) அத்தோற்றத்தையே நகைச்சுவையாகக் கையாண்டது. இவ்வகையில் நமக்கு வந்து சேர்ந்தது, மெக்சிகோவின் மேய்ப்பர் உடையை அமெரிக்கர் மாற்றி, ஹாலிவுட் மிகைப்படுத்தி, இத்தாலியர் மீண்டும் வரைந்த வடிவம். டெக்ஸ் வில்லரின் புகழ்பெற்ற மஞ்சள் சட்டை எப்போதும் கறைபடாமல் இருக்கிறது. மந்தையின் பின்னே புழுதியில் சென்ற ஒருவருடைய சட்டை அரை நாள்கூட அந்த நிறத்தில் இருந்திருக்காது.